தீட்டும் தொற்றும்: பள்ளிக்கூடத்தில் நோய்த்தடுப்பின் கதை



கொரோனாக் காலத்தில் ‘சமூக இடைவெளி’ என்ற சொல் ஊரெங்கும் ஒலித்தபோது நமக்கு அது புதிதாகப் படவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே அந்த இடைவெளி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அது எந்த நோயையும் தடுத்ததில்லை. அதே இடைவெளி சுகாதாரத்தின் பெயரால் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி நுழைந்தது, அதனால் நோய் குறைந்ததா கூடியதா என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

நம் அத்திப்பட்டு, 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஆட்சியர் டிரமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கைதான் 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத மக்களை அது அரசின் கண்முன் நிறுத்தியது. நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த மக்களின் பிள்ளைகள் பள்ளி வாசலில் சந்தித்த தடையைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

தடை இரண்டு மொழிகளில் வந்தது. பழைய மொழி தீட்டு. புதிய மொழி சுகாதாரம். 1909-ல் அன்னி பெசன்ட் ‘இந்தியன் ரிவியூ’ இதழில் ஒடுக்கப்பட்டோர் கல்வி பற்றி எழுதினார். தலைமுறைகளாக உண்ட உணவால் இப்பிள்ளைகளின் உடல் தூய்மையற்றது, அது தூய்மை பெறச் சில தலைமுறைகள் ஆகும், அதுவரை மற்றப் பிள்ளைகளோடு நெருங்கி உட்காரவைப்பது சரியல்ல என்பது அவர் வாதம். பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் இதைத் தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார்.

அன்றைய அறிவு அவ்வளவுதான் என்று இதைக் கடந்துபோக முடியாது. காலரா தண்ணீர் வழியாகப் பரவுவதை லண்டனில் ஜான் ஸ்நோ 1854-லேயே காட்டிவிட்டார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் கண்டறிந்தார். கிருமி தண்ணீரிலும் காற்றிலும் கையிலும் பயணம் செய்கிறது, பிறப்பில் தங்குவதில்லை என்று தெரிந்த பிறகும், பள்ளியில் பிரிக்கப்பட்டது தண்ணீரல்ல, பிள்ளைகள். சாத்தாராவில் படித்த சிறுவன் அம்பேத்கர் குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர்; அவர் வராத நாளில் தாகம்தான். கை கழுவத் தண்ணீர் தராத ஏற்பாட்டுக்குச் சுத்தம் என்று பெயர் வைத்தார்கள்.

பிரித்துவைப்பதால் என்ன பயன் என்பதை நம் மண்ணிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வில் சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மருந்து தரப்பட்டது. நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் நன்றாகவே குணமடைந்தார்கள்; அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவுமில்லை. காப்பாற்றியது மருந்து.

அடுத்து, நமக்கு மேற்கே திருவள்ளூர் வட்டாரத்தில், 1968 முதல் 1971 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி. தடுப்பூசியோ மருந்தில்லாத ஊசியோ போட்டு ஆய்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வெளியானது. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. அதனால் இன்றும் போடப்படுகிறது. ஆனால் ஊசி போட்டுவிட்டோம் என்று சொல்லி, காற்றோட்டமில்லாத வகுப்பறையை அப்படியே விட்டுவிட முடியாது என்பதும் நம் மாவட்டத்து மக்கள் தங்கள் தோளைக் கொடுத்து உலகுக்குத் தந்த பாடம்.

இன்றைய நிலை என்ன? 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்தது வெளியே வந்தது. அவர்களில் ஒரு சிறுவனுக்கு டெங்கு வந்து, அவன் தாய் விசாரித்தபோதுதான் தெரிந்தது. தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது, பிள்ளைகள் நோயில் விழுந்த பின்பே தெரியவந்தது. இரண்டு இடத்திலும் பிள்ளைகளின் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான் சாதியைக் காட்டிக்கொடுத்தன.

அனல்மின் நிலையமும் துறைமுகமும் சூழ்ந்த அத்திப்பட்டிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட் வரையிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பவர்கள் நம் மக்கள். ஒருநாள் கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயை நாம் குறை சொல்ல முடியாது. தட்டம்மை கண்ட பிள்ளை, தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள் வீட்டில் இருக்கத்தான் வேண்டும். அந்த விலக்கல் நான்கு நாளில் முடிந்துவிடும். தீட்டுக்கு முடிவு நாளே கிடையாது. இந்த வேறுபாட்டை நாம் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். 2017-ல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வதந்தி பரவியதுபோல மீண்டும் பரவினால், முதலில் மறுத்துப் பேச வேண்டியவர்களும் நாம்தான்.

கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பாதுகாப்பான குடிநீரையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறையையும் பள்ளிக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவை நம் பள்ளிகளில் இருக்கின்றனவா? குழாயடியில் சோப்பு இருக்கிறதா? சன்னல் திறக்கிறதா? கழிவறையைக் கழுவ உரிய சம்பளத்தில் ஆள் உண்டா, அல்லது அந்த வேலை யாருடைய பிள்ளையின் கைக்குப் போகிறது? வேலை தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா? பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் உட்கார்ந்து இந்தக் கேள்விகளை எழுப்பட்டும். மாணவர்கள் பதில்களை எழுதி வைக்கட்டும்.

ஒரே குழாயில் எல்லாப் பிள்ளைகளும் கை கழுவும் பள்ளியில் தீட்டுக்கும் இடமில்லை, தொற்றுக்கும் வழி குறையும்.

ஜெய் பீம்.