முட்டத்து உப்புத்தண்ணி

மக்கா, 1909-ல மெரினாவில் கடல்மீன் காட்சிசாலை ஒண்ணு திறந்தாங்க, தெரியுமா? சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் மூடியதோட சரி. அங்க கடல் வாசல்லயே கிடந்தது. கடல் பக்கத்துல இல்லாதவங்களுக்காக, இங்கிலாந்தின் பிலிப் காஸ் 1854-லயே உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்தண்ணி செய்யும் முறை சொன்னார். ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961-ல எழுதினது இன்னும் சுலபம்: உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி, அவ்வளவுதான். பாறையில் குடியிருக்கும் பாக்டீரியா மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கிடும்.

ஆனா பாக்டீரியா தண்ணி ஊத்தாதே!

நாகர்கோவில் வீட்டுல ரெண்டு கோமாளி மீன் வச்சிருந்தேன். (பவளம் இல்ல. கல்பவளத்துக்கு 2001-லேர்ந்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கு.) முட்டத்துலேர்ந்து கேன்ல தண்ணி கொண்டுவருவேன். ஆபீஸ் வேலையா பத்து நாள் பெங்களூர் போனப்ப, தொட்டியில தண்ணி வத்த வத்த அம்மா அந்தக் கேன் தண்ணியையே ஊத்தியிருக்காங்க. கடல்மீனுக்குக் கடல்தண்ணிதானேன்னு நினைச்சிருக்காங்க. ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே கிடக்கும், அதனால நல்லதண்ணிதான் ஊத்தணும்னு நான் சொல்லிட்டுப் போகல.

திரும்பி வந்தப்ப ஒண்ணுதான் நீந்திட்டு இருந்தது. அம்மா ரெண்டு நாள் அந்தப் பக்கமே வரல.