ஒளி எங்கிருந்து வந்தது?



பாஸ்கா திருவிழிப்பில், மெழுகுதிரி வெளிச்சத்தில் நாம் முதலாவதாகக் கேட்கும் வாசகம் படைப்பின் வரலாறு. அதை இசையாக்கியவர் ஆஸ்திரிய நாட்டுக் கத்தோலிக்கரான யோசேப்பு ஹைடன். ‘படைப்பு’ என்னும் அவரது ஒரத்தோரியோ, அதாவது நடிப்பின்றித் தனிக்குரல்களும் பாடகர் குழுவும் பாடும் இசைக்காவியம், 1798 ஏப்ரல் 30 அன்று வியன்னா அரண்மனை ஒன்றில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு மார்ச் 19, அவருடைய பெயர்ப் புனிதரான சூசையப்பரின் திருநாளில், பொதுமக்கள் அதைக் கேட்டார்கள். அதை எழுதிய காலத்தில் நாள்தோறும் முழந்தாளிட்டுச் செபித்ததாக ஹைடனே சொல்லியிருக்கிறார்.

பின்னாளில் அரங்குகள் பெரிதாயின. இசைக்கருவிகளின் ஓசையும் பெருகியது. 1953இல் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட் வியன்னாவில் ஒரு குழுவைத் தொடங்கி, அந்தந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டே பழைய இசையை வாசிக்கலானார். பின்னர் ‘படைப்பை’யும் அவ்வாறே வழங்கினார்.

அக்கருவிகள் எளியவை. வயலினுக்கு ஆட்டுக்குடல் நரம்பு. வெப்பம் மாறினால் சுருதி இறங்கும், மறுபடி கூட்ட வேண்டும். எக்காளம் வெறும் பித்தளைக் குழாய். வால்வு கிடையாது, உதடும் மூச்சுமே சுரம் பிரிக்கும். புல்லாங்குழல் மரத்தாலானது. எந்தக் கருவியும் மற்றதை அமுக்காததால், பாடுவோரின் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன.

தொடக்கத்தில் ஒழுங்கற்ற வெறுமையைச் சித்திரிக்கும் இசை. நரம்புக் கருவிகளின் ஒலி அடக்கப்பட்டிருக்கிறது. பாடகர் குழு இறைவனின் வார்த்தையை ஏறக்குறைய முணுமுணுக்கிறது. பிறகு நரம்பை மெல்லச் சுண்டும் ஒரு சிற்றொலி. ‘ஒளி’ என்ற சொல் வந்ததும் எல்லாக் குரல்களும் எல்லாக் கருவிகளும் ஒருசேர வெடித்தெழுகின்றன! அதற்குமுன் அவ்வளவு தாழ்ந்த ஓசையைக் கேட்ட செவிக்கே அந்த ஒளியின் வலிமை புரியும்.

1808 மார்ச் 27 அன்று, தள்ளாத முதுமையில், ஹைடனை நாற்காலியில் அமர்த்தி அரங்கிற்குத் தூக்கிவந்தார்கள். அந்த இடம் வந்தபோது கரவொலி அதிர்ந்தது. அவரோ கைகளை விண்ணோக்கி உயர்த்தி, இது தம்மிடமிருந்து வந்ததன்று, மேலிருந்து வந்தது என்று உணர்த்தினார். அடுத்த ஆண்டு மே 31 அன்று இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, ஒலிபெருக்கியின் ஓசையைக் கூட்டினால் நம் செபம் உயர்ந்துவிடுமா? திருப்பலியில் வாசகம் முடிந்ததும் சற்றே மௌனம் காக்கவும் நமக்குப் பொறுமை குறைகிறது. நாமும் குடல் நரம்பைப் போன்றவர்களே. அடிக்கடி சுருதி இறங்கிவிடுகிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் இறைவன் நம்மை மறுபடி சுருதி கூட்டுகிறார். கைதட்டல் கேட்கும் நாளில், அந்த முதியவரைப்போல் கைகளை மேலே உயர்த்தும் மனத்தையும் அவரே நமக்குத் தருவாராக. ஆமென்.