பழுவும் பழியும்

பழுவேட்டரையர் என்ற பெயரைச் சொன்னவுடன் தமிழ் வாசகர் நினைவில் எழுவது சதி. நள்ளிரவுக் கூட்டம், மூடுபல்லக்கு, சுரங்கப்பாதை, இளையராணியின் மையலில் சிக்கிய கிழவர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்கள் நாவலைத் தொடாதவர்களுக்கும் அதைப் பழக்கிவிட்டன. அதே பெயர் அரியலூர் மாவட்டத்துக் கோயில் சுவர்களில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே அது சோழருக்காகப் படை நடத்திய பெயர், சோழருக்குப் பெண் கொடுத்த பெயர், கோயில் கட்டிய பெயர். கல்லில் இருப்பதற்கும் கதையில் இருப்பதற்கும் இடையே இந்தச் சொல் எப்படிப் பயணம் செய்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஊரிலிருந்து தொடங்கலாம். அரியலூரிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் சாலையில் கீழப்பழுவூர் வருகிறது. பக்கத்திலேயே மேலப்பழுவூர், கீழையூர். இன்று சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போய்வரும் வட்டாரம் இது. சோழர் காலத்தில் இந்தக் கொத்துக்குள் சிறுபழுவூர், மன்னுபெரும்பழுவூர், அவனிகந்தர்வபுரம் என்ற ஊர்கள் இருந்தன. சிறுபழுவூர் என்று கல்வெட்டுச் சொல்வது இன்றைய கீழப்பழுவூர். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்று கல்கி இரண்டு சகோதரர்களைப் படைத்தபோது, பெரும்பழுவூர், சிறுபழுவூர் என்னும் இந்த இரட்டை அவர் காதில் ஒலித்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

'பழு' என்றால் ஆலமரம் என்பது தல வழக்கு. பழுமரம் என்பதற்கு ஆலமரம் என்ற பொருள் அகராதியிலும் உண்டு. கீழப்பழுவூர்ச் சிவன் ஆலந்துறையார், வடமூலநாதர் என்னும் பெயர்களால் வணங்கப்படுகிறார். கோயிலின் தலமரமும் ஆல். ஊர்ப்பெயர், சாமி பெயர், மரம் மூன்றும் ஒன்றையே சொல்லும்போது பழுவூரை ஆலூர் என்று கொள்வதில் தயக்கத்துக்கு இடமில்லை.

பெயரின் கடைசித் துண்டும் தெளிவானதே. அரசர், அரைசர், அரையர் என்று சகரம் யகரமாக இளகி வந்த வடிவம் அது. முத்தரையர், சம்புவரையர், விழுப்பரையர் என்று சோழநாட்டுத் தலைவர்கள் பலர் பெயரில் இந்த ஒட்டு உண்டு. திருவரங்கத்தில் இன்றும் அரையர் சேவை நடக்கிறது. அரியலூரை ஆண்ட பாளையக்காரர்களின் பட்டமான 'ஒப்பில்லாத மழவராயர்' என்பதில் இருக்கும் ராயரும் அரையருக்கு உறவுதான். நாவலில் செம்பியன் மாதேவியின் பிறந்த வீட்டார் மழவரையர்கள் என்பதை வாசகர் நினைவுகூரலாம்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. 'வேட்ட' என்பது என்ன? வேள் என்னும் குறுநில மன்னர் பட்டம் என்று கொள்வோர் உண்டு. பொருளளவில் அது பொருந்துகிறது, ஒலியளவில் இடிக்கிறது. வேள் என்பதோடு அரையர் சேர்ந்தால் வேளரையர் என்றுதான் வரவேண்டும். ளகரம் டகரமாக வேண்டுமானால் பின்னால் வல்லினம் வரவேண்டும், நாட்காட்டியில் வருவதுபோல. இங்கே பின்னால் இருப்பது உயிரெழுத்து. மாறாக, வேடு என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் வழி நேராகிறது. காடு காட்டரசு ஆவதுபோல, நாடு நாட்டரசன் ஆவதுபோல, வேடு வேட்டரையர் ஆகும். நன்னூல் சொல்லும் ஒற்றிரட்டல் விதி இது. பழுவூர் வேடர்களின் அரசர் என்று பொருள்படும். இந்தக் குலத்தில் குமரன் மறவன், கண்டன் மறவன் என்ற பெயர்கள் வருவதையும் சேர்த்துப் பார்க்கும்போது, வில்லெடுத்த கூட்டத்தின் தலைவர்கள் என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்கிருந்து வந்தவர்கள்? சுந்தர சோழர் காலத்து அன்பில் செப்பேடு பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்கிறது. பழுவூரைப் பாடிய சம்பந்தர் மலைநாட்டு அந்தணர் அங்கே வழிபடுவதைச் சொல்கிறார். ஆக மேற்குமலைக்கும் இந்த ஆலமரத்தடிக்கும் ஏதோ ஒரு போக்குவரத்து 7ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

அந்தச் செப்பேடு சொல்லும் இன்னொரு செய்தியில் சற்று நின்று போகவேண்டும். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான். அவள் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், சுந்தர சோழன் மகன் ஆதித்த கரிகாலன். உறவுமுறையில் சொன்னால், நாவலில் பழுவேட்டரையர்கள் அரியணையிலிருந்து ஒதுக்கப் பார்க்கும் இளவரசனுக்குப் பழுவூர்ப் பெண் ஒருத்தி கொள்ளுப்பாட்டி. அவன் உடம்பில் ஓடியது பழுவூர் ரத்தமும்தான். வெளியாள் செய்யும் கெடுதலைப் பகை என்கிறோம். உள்ளிருந்தே வருவதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது: இரண்டகம். ஒருவருக்குள் இரண்டு அகம் குடியிருப்பது. 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்காதே' என்று கிராமத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

பழுவூர்க் கல்லில் இரண்டகத்தின் தடயம் இல்லை. கீழப்பழுவூர்க் கல்வெட்டொன்று, பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது, வெள்ளூர்ப் போரைப் பேசுகிறது. பாண்டியனும் அவனுக்குத் துணைவந்த ஈழத்துப் படையும் ஒருபுறம். சோழனுக்காக நின்றவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். கீழையூர் இரட்டைக் கோயிலான அவனிகந்தர்வ ஈசுவரகிருகம் இந்தக் குலம் எழுப்பியது. அதன் கல்வெட்டு வரிசை 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்தன் காலத்தில் தொடங்குகிறது. பழுவூர்க் கல்வெட்டுகளை முழுமையாகத் திரட்டி 'பழுவூர்ப் புதையல்கள்' எழுதிய இரா. கலைக்கோவன் போன்றோரால்தான் கதைக்கு வெளியே இந்தக் குலம் நமக்குத் தெரிகிறது.

கண்டன் என்ற சொல்லையும் விட்டுவிட மனமில்லை. வீரன், ஆண்மகன் என்பது பொருள். கன்னடத்திலும் இந்தச் சொல் உண்டு. கொள்ளிடக் கரைப் பக்கம், திருமழபாடிக்கு அருகே உள்ள கண்டராதித்தம் என்ற ஊரின் பெயரிலும், அந்தப் பெயருக்குரிய சோழ அரசனிடத்திலும் இருப்பது இதே கண்டன்தான். கல்கி சின்னப் பழுவேட்டரையருக்குக் காலாந்தக கண்டர் என்று பெயரிட்டார். கடம்பூர்ச் சம்புவரையர் மகனுக்குக் கந்தமாறன் என்று பெயரிட்டார். கல்வெட்டில் இருக்கும் கண்டன் மறவனுக்கும் கதையில் வரும் கந்தமாறனுக்கும் ஓசையில் இருக்கும் நெருக்கம் வியப்பளிக்கிறது. பொருள் வேறு, குலம் வேறு. ஒலி மட்டும் அடுத்த வீடு.

இனி நாவலுக்குள் வருவோம். பழுவூர்ப் பெயருக்குப் பழி வந்து சேர்ந்த வழி, இரண்டு சிறுபிள்ளைகளின் நேசத்தில் தொடங்குகிறது. பழையாறையில் அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு நந்தினி என்ற பெண்ணும் வளர்கிறாள். ஆதித்த கரிகாலனுக்கு அவள்மேல் பிரியம். அரண்மனை அவளை விலக்குகிறது. பின்னாளில் தலைமறைவாகக் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக அவள் கரிகாலன் காலில் விழுகிறாள். வெறியில் அவன் பாண்டியன் தலையை வெட்டுகிறான். துரோகம் யார் யாருக்குச் செய்தது? கூட விளையாடியவளின் கெஞ்சலை மிதித்தவன் அவன். அவன் உயிரைக் குடிக்க வாளை வைத்துப் பூசித்தவள் அவள். போர்க்களத்தில் அஞ்சாத கரிகாலன் அந்த ஒரு நாளை மறக்கமுடியாமல் தூக்கம் கெட்டு அலைவதாகக் கல்கி எழுதும் பக்கங்கள்தாம் ஐந்து பாகங்களிலும் ஆழமானவை என்று நான் நம்புகிறேன். தன் முடிவைச் சந்திக்கும் கடம்பூருக்கு அவன் போவது விருந்துக்கு என்று படிக்கலாம். தண்டனையைத் தேடிப் போகிறான் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது வகையில் படிப்பவன்.

பழுவூர் இங்கேதான் நுழைகிறது. நந்தினி தன் பழியைத் தீர்க்க ஓர் இடம் வேண்டும், ஒரு பட்டம் வேண்டும். பெரிய பழுவேட்டரையரை மணந்து பெறும் 'பழுவூர் இளையராணி' என்ற பட்டம் அதைத் தருகிறது. 24 போர்களில் 64 விழுப்புண் பெற்றவர் என்று கல்கி போற்றும் கிழவரின் பெயர், வேறு இருவரின் பழைய கணக்கைத் தீர்க்கும் பல்லக்காகிறது.

இன்னொரு நட்பும் அதே நாவலில் உடைகிறது. கதைநாயகன் வந்தியத்தேவனும் சம்புவரையர் மகன் கந்தமாறனும் வடக்கு எல்லையில் சேர்ந்து காவல் புரிந்தவர்கள். தஞ்சைச் சுரங்கப்பாதையில் கந்தமாறன் முதுகில் கத்தி பாய்கிறது. பழுவேட்டரையரின் காவலன் செய்த வேலை. காயம்பட்ட நண்பனைச் சுமந்து காப்பாற்றியவன் வந்தியத்தேவன். கண்விழித்த கந்தமாறனோ குத்தியவனே அவன்தான் என்று நம்புகிறான். அந்தச் சந்தேகம் அவனை நெடுந்தூரம் இழுத்துச் செல்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் பெரம்பலூர்ப் பக்கத்து ஊரொன்றின் பெயர் எனக்கு நினைவுக்கு வரும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய வாலிகண்டபுரம். வாலி வழிபட்ட தலம் என்பது ஐதிகம். சாமி பெயர் வாலீசுவரர். 'கண்ட' என்பது இங்கே வீரனைக் குறிக்கவில்லை, காணுதல் என்ற வினையிலிருந்து வந்தது. வாலி தரிசித்த ஊர், அல்லது வாலி உண்டாக்கிய ஊர். வாலியும் சுக்கிரீவனும் பிரிந்தது எப்படி? அசுரனைத் துரத்திக் குகைக்குள் போன அண்ணன் திரும்பவில்லை. வாசலில் காத்திருந்த தம்பி குருதியைப் பார்த்து அண்ணன் இறந்தான் என்று எண்ணிக் குகையை அடைத்துவிட்டுப் போனான். மீண்டு வந்த அண்ணனுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. இருட்டுக்குள் நடந்ததை வெளியே இருப்பவன் ஒரு விதமாகவும் உள்ளே இருப்பவன் வேறு விதமாகவும் அறிகிறான். குகையும் சுரங்கமும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒருவேளை இதனால்தான் இந்த மண்ணின் பழைய பெயர்கள் நட்பைத் தனியே பெருமையாகப் பொறித்துக்கொண்டன. உடையார்பாளையம் ஜமீன்தார்களின் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: காலாட்கள் தோழ உடையார். காலாட்படைக்குத் தோழன் என்று சொல்லிக்கொண்ட குலம்.

கதையை விட்டு வரலாற்றுக்குத் திரும்பினால், ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரியது, கொன்றவர்களைத் துரோகிகள் என்றே பெயர்சொல்லிக் குறிக்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரம்மாதிராஜன் எனப் பெயர்கள் வருகின்றன. அவர்களும் உறவினரும் வைத்திருந்த சொத்து பறிமுதலாயிற்று. பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் வரை சுற்றம் முழுவதையும் தேடிய ஆணை அது. அந்தப் பட்டியலில் பழுவேட்டரையர் இல்லை. கொலைக்குப் பின்னும், உத்தம சோழன் காலத்திலும் ராஜராஜன் காலத்திலும், பழுவூரில் அவர்கள் இருந்தார்கள். கண்டன் மறவன் கோயில் எழுப்பினான். ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவி பழுவூர் அவனிகந்தர்வபுரத்தைச் சேர்ந்தவர். ராஜேந்திரன் அவருக்குப் பள்ளிப்படை எடுப்பித்தது பட்டீசுவரத்தில், பழைய பழையாறை எல்லைக்குள். கதையில் கரிகாலனும் நந்தினியும் ஓடியாடிய மண் அது.

அப்படியானால் கல்கி ஒரு குலத்துக்கு அநீதி செய்தாரா? இந்தக் கேள்வியைப் பழுவூர்க்காரர் யார் கேட்டாலும் அதில் நியாயம் உண்டு. கல்வெட்டு சுமத்தாத பழியைக் கதை சுமத்தியது என்பதை மறுக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளைக் கீழையூருக்கு அழைத்துப் போகிறவர்கள், வெள்ளூர்ப் போரை முதலில் சொல்லிவிட்டு நாவலைப் பிறகு சொல்லவேண்டும் என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன்.

ஆனால் பழியோடு கல்கி விட்டுவிடவில்லை. கொள்ளிடத்துப் புயலில் கிழவரின் படகைக் கவிழ்க்கிறார். உடைமை, பரிவாரம், கர்வம் எல்லாம் வெள்ளத்தில் போனபின், திருப்புறம்பயம் பள்ளிப்படை அருகே சதிகாரர் பேச்சு அவர் காதில் விழுகிறது. தன் வீட்டில் என்ன வளர்ந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. தடுக்க ஓடுகிறார், காலம் கடந்துவிட்டது. பிறகு சக்கரவர்த்தியின் முன்னிலையில் குற்றத்தைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டு, தன் வாளாலேயே உயிரை முடித்துக்கொள்கிறார். அந்த ஐந்தாம் பாகத்தின் தலைப்பு 'தியாகச் சிகரம்'. மகுடத்தை விட்டுக்கொடுக்கும் அருள்மொழிவர்மனை, அதாவது பின்னாளைய ராஜராஜனை, எண்ணி வைத்த தலைப்பு என்றாலும், கிழவரின் வாக்குமூலத்துக்கும் அதில் பங்கு கேட்பேன்.

பெயரைத் தேடிப் போனதால் ஒன்று கண்ணில் படுகிறது. தம்பிக்குக் காலாந்தக கண்டர் என்று தனிப்பெயர் உண்டு. அண்ணனை நாவல் நெடுகிலும் குலப்பெயராலேயே அறிகிறோம். அவர் செய்த தவறு ஒரு தனிமனிதன் பெயரில் நிற்காமல் பழுவூர்க் குலம் முழுவதன்மேலும் படிந்தது அதனால்தான். கடைசியில் அவையில் எழுந்து நின்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மையும், அதே காரணத்தால், பழுவேட்டரையர் என்ற பெயரின் கணக்கில்தான் சேர்கிறது.