கணினிவழி முகபாவமறிதல்

படத்திலோ காணொளியிலோ உள்ள முகத்தின் தசையசைவுகளைக் கணினி அளந்து, சிரிப்பா, சினமா, அச்சமா என்று வகை பிரிக்கும் முறை. கணினிப் பார்வைத் துறையின் ஒரு கிளை. முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் முகமறிதல் இதனின்று வேறானது. அதற்கு முகத்தில் மாறாதவை வேண்டும். இதற்கு மாறுபவையே வேண்டும்.

இதன் வேர் கணினிக்கும் முந்தியது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன், மனித முகத்தில் மின்முனைகளை வைத்துத் தசைகளைத் தனித்தனியே சுருங்கச் செய்து, அந்தப் படங்களை 1862இல் நூலாக வெளியிட்டார். உதட்டோரம் உயர்வதோடு கண்ணைச் சூழ்ந்த தசையும் சுருங்கினால்தான் மெய்யான சிரிப்பு என்றார். உணர்ச்சி வெளிப்பாடு குறித்து 1872இல் நூல் எழுதிய சார்லஸ் டார்வின், துஷேனின் படங்கள் சிலவற்றை எந்த விளக்கமும் சொல்லாமல் இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடை சொன்னார்கள். சிலவற்றுக்கு ஆளுக்கொரு விடை வந்தது. பின்னாளில் இத்துறையைத் துரத்திய சிக்கல் முழுவதும் அந்தச் சிறு சோதனைக்குள்ளேயே இருந்தது.

சுவீடனின் உடற்கூறியலாளர் கார்ல்-ஹெர்மன் யோர்ட்ஷோ முன்னரே செய்த வகைப்பாட்டை விரித்து, அமெரிக்க உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978இல் முக அசைவுகளுக்கு எண்வரிசை வகுத்தனர். கன்னம் உயர்ந்தால் 6, உதட்டோரம் மேலே இழுபட்டால் 12. இரண்டும் சேர்ந்தால் துஷேன் சொன்ன சிரிப்பு. இந்த எண்கள் அசைவை மட்டுமே குறிப்பவை, உணர்ச்சியை அல்ல. பயிற்சி பெற்றவருக்கே ஒரு நிமிடக் காட்சியைக் குறித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அந்த வேலையைக் கணினியிடம் தள்ளிவிட ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

அதே 1978இல் ஜப்பானில் சுவா குழுவினர் முகத்தில் 20 புள்ளிகளைத் தொடர்ந்து பின்பற்றும் முயற்சியை வெளியிட்டனர். கென்ஜி மாசே 1991இல் புள்ளிகளை விட்டுவிட்டு, ஒரு படச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தோல்பரப்பு நகரும் திசையைக் கணக்கிட்டார். ஆனால் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்பதையே விரைவாகக் கண்டுபிடிக்க முடியாத காலம் அது. 2001இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் அதைத் தீர்த்தார்கள். கண்பகுதி கன்னத்தைவிட இருண்டிருக்கும் என்பது போன்ற எளிய ஒளி வேறுபாடுகளைச் செவ்வகங்களால் சோதித்து, அன்றைய சாதாரணக் கணினியிலேயே நொடிக்கு 15 படங்களில் முகம் தேடியது அவர்களின் முறை.

அடுத்த தேவை, பெயரிட்ட படங்கள். 1998இல் வெளியான ஜப்பானியத் தொகுப்பில் 10 பெண்களின் 213 படங்கள் இருந்தன. அனைத்தும் கேட்டுக்கொண்டபடி முகத்தை மாற்றிக் காட்டியவை. கோபப்படுவதுபோல் காட்டுவதும் கோபப்படுவதும் ஒன்றல்ல என்பதை வீட்டில் குழந்தை வளர்த்த எவரும் சொல்வார்கள். 2013இல் ஒரு போட்டிக்காக, இணையத்தில் உணர்ச்சிச் சொற்களைத் தேடி 35,887 சிறு படங்களைத் திரட்டினர். அகலம் 48 பிக்சல், உயரமும் அவ்வளவே, வகைகள் ஏழு. நரம்பு வலையமைப்பைக் கொண்டு வென்றவரின் நிரல் 71 விழுக்காடு சரியாகச் சொன்னது. அதே படங்களில் மனிதர்கள் பெற்றது ஏறத்தாழ 65 விழுக்காடு. மனிதனை இயந்திரம் வென்றுவிட்டது என்று இதைப் படிப்பது பிழை. படத்துக்குப் பெயர் ஒட்டியவர்களும் மனிதர்களே. ஒட்டிய பெயரைத் திரும்பச் சொல்வதில்தான் அது தேறியது.

வணிகம் அதற்குள் நுழைந்திருந்தது. எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்து 2009இல் கிளைத்த அஃபெக்டிவா, விளம்பரம் பார்ப்போரின் முகத்தை அளந்தது. இதே துறையின் எமோஷன்ட் நிறுவனத்தை ஆப்பிள் 2016இல் வாங்கியது. 2019இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முகத்தை மட்டும் கொண்டு உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடிவு செய்தனர். சினம் கொண்டவர்கள் முகம் சுளிப்பது சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரங்களில்தான், சினமின்றியும் சுளிப்பதுண்டு. உணர்ச்சியைக் கணிக்கும் வசதியை முகச்சேவையிலிருந்து விலக்கிக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் 2022இல் அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி, பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சி கணிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்குண்டு. முகபாவமறிதலுக்கு நெருங்கிய ஒரு பயன்பாடு, வாகனம் ஓட்டுபவரின் அயர்வைக் கண்டறிவது. அங்கே கணக்கிடப்படுவது, குறிப்பிட்ட கால அளவில் இமை 80 விழுக்காட்டுக்குமேல் மூடியிருந்த நேரத்தின் பங்கு. அதற்கு எந்த உணர்ச்சியின் பெயரும் தேவைப்படுவதில்லை.