ஆராய்ச்சியும் அறமும்

அறிவைத் தேடுவோர்க்கும் அறம் உண்டு. அதனை உணர்த்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று, 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது.

அதிகாரம் உடையோர் பணித்தால் மனிதன் பிறரை எவ்வளவுக்கு வருத்துவான் என்பதை அறிய விழைந்தார் உளவியலாளர் ஸ்ரான்லி மில்கிரம். வந்தவர்களுக்கோ, நினைவாற்றலை ஆராய்வதாகவே கூறப்பட்டது. அடுத்த அறையில் இருந்தவர் பிழையாக விடையளிக்குந்தோறும் மின்னதிர்ச்சி கொடுக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். அதிர்ச்சி பொய், சுவரைத் தட்டியவரின் வேதனையும் நடிப்பு. விசையை அழுத்தியவர்களின் வியர்வையும் நடுக்கமுமே மெய். 40 பேருள் 26 பேர், ஈற்றெல்லையாகிய 450 வோல்ற்று வரை சென்றனர்.

முடிவு கேட்டோர் திடுக்குற்றனர். எனினும், நம்பி வந்தோரின் மனத்தைப் புண்படுத்துதல் தகுமோ என 1964இல் வினவினார் உளவியலாளர் டயானா பௌம்றின்ட். பின்னர் உண்மையை விளக்கியதாகவும், பெரும்பாலோர் பங்குபற்றியமைக்கு மகிழ்ந்ததாகவும் மில்கிரம் விடையிறுத்தார். ஆயின், பின்வந்த மகிழ்ச்சி முன்பெறாத இசைவுக்கு ஈடாகுமா?

வேறு கொடுமைகளும் வெளிப்பட்டபின், மனிதரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியை முன்கூட்டியே சீர்தூக்கும் குழுக்களை 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் வேண்டிற்று. அதிகாரத்துக்குப் பணிதலை ஆராய்ந்தவர், அறிவின் பெயரால் தாமும் அதிகாரமே செலுத்தினார். ஆராய்வோர் மறக்கலாகாத பாடம் இது.