மூன்று முறை இறந்த கப்பல்

ஒரு போர்க்கப்பல் எத்தனை முறை மூழ்க முடியும்? ஒரு முறைதானே என்பீர்கள். ஆனால் ஜப்பானின் யமாட்டோ மூன்று முறை அழிந்திருக்கிறது. 1945-ல் நிஜமாகக் கடலில், 1978-லும் 1983-லும் திரைப்படத்தில், விண்வெளியில்! ஒவ்வொரு முறையும் அதோடு சேர்ந்து எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு நாட்டின் மனம் எப்படி மாறியது என்பதே தெரிந்துவிடும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

அனிமே பார்க்கும் நண்பர்களுக்கு 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற பெயர் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் 1979-ல் 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற பெயரில் வந்த அதே தொடர்தான். அதைப் பார்த்தவர்களில் பலருக்கு, கதையில் வரும் அந்தப் பழைய கப்பல் கற்பனை அல்ல என்பது தெரியாது. ஆகவே முதலில் நிஜக் கப்பலிலிருந்து ஆரம்பிப்போம்.

யாருக்கும் தெரியாமல் கட்டிய கப்பல்

1922-ல் வாஷிங்டனில் கையெழுத்தான கடற்படை ஒப்பந்தம், பெரிய போர்க்கப்பல்கள் விஷயத்தில் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றுக்கும் 5:5:3 என்று கணக்கு வைத்தது. எண்ணிக்கையில் ஜெயிக்க முடியாது என்று ஜப்பானியக் கடற்படைக்குத் தெரியும். அப்படியானால் ஒவ்வொரு கப்பலையும் எதிரியிடம் இல்லாத அளவுக்குப் பெரிதாகக் கட்டிவிட்டால்? 1936 முடிவில் ஒப்பந்தக் கட்டு அவிழ்ந்தது. 1937 நவம்பர் 4-ம் தேதி குரே துறைமுகத்தில் யமாட்டோவின் அடிக்கட்டை வைக்கப்பட்டது.

கப்பலின் நீளம் 263 மீட்டர். முழுச் சுமையோடு எடை ஏறத்தாழ 72,000 டன். 46 சென்டிமீட்டர் குழாய் விட்டம் கொண்ட 9 பீரங்கிகள். ஒரு குண்டின் எடை சுமார் 1,460 கிலோ, அது 40 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். இதைவிடப் பெரிய பீரங்கியை வேறு எந்தப் போர்க்கப்பலும் சுமந்ததில்லை.

அதைவிட ஆச்சரியம், இதை மறைத்த விதம். கப்பல் கட்டிய துறையைச் சுற்றிலும் திரை போட்டார்கள். அரசாங்க ஆவணங்களிலேயே பீரங்கியை '40 சென்டிமீட்டர்' என்றுதான் எழுதினார்கள். அது 46 என்பது அமெரிக்கர்களுக்கு உறுதியாகத் தெரிந்தது போர் முடிந்த பிறகுதான்! அதற்குள் கப்பலே இல்லை. தோற்றபோது ஆவணங்களையும் படங்களையும் பெரும்பாலும் எரித்துவிட்டார்கள். யமாட்டோவைச் சுற்றி இன்றும் ஒரு மர்மம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பெயருக்கும் ஒரு கனம் உண்டு. யமாட்டோ என்பது நாரா நகரைச் சுற்றிய பழைய மாகாணத்தின் பெயர். ஜப்பான் தேசத்துக்கே பழைய பெயரும் அதுதான். ஒரு கப்பலுக்கு நாட்டின் பெயரையே வைத்துவிட்டால், அது மூழ்கும்போது என்னென்ன சேர்ந்து மூழ்கும் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

பிறக்கும்போதே பழையது

யமாட்டோ படையில் சேர்ந்தது 1941 டிசம்பர் 16. அதற்கு ஆறு நாள் முன்பு, டிசம்பர் 10-ம் தேதி, மலேயாவின் குவாந்தான் கடலில் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்களே மூழ்கடித்துவிட்டன. போர்க்கப்பலின் காலம் முடிந்தது, இனி விமானத்தின் காலம் என்று உலகத்துக்கு நிரூபித்ததே ஜப்பான்தான். நிரூபித்த ஒரு வாரத்துக்குள் உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலை அதே ஜப்பான் படையில் சேர்த்தது. வரலாறு சில சமயம் இப்படித்தான் கேலி செய்யும்.

அதன் பிறகு அந்தக் கப்பலுக்குப் பெரிதாக வேலையே இல்லை. 1942 ஜூனில் மிட்வே போரில் தளபதி யமமோட்டோ அதில்தான் இருந்தார். ஆனால் சண்டை நடந்த இடத்துக்கு வெகு தூரம் பின்னால். பிறகு பசிபிக்கில் ட்ரக் தீவில் மாதக்கணக்கில் நங்கூரமிட்டு நின்றது. குளிர்சாதன வசதியும் நல்ல சாப்பாடும் இருந்ததால் மற்ற கப்பல்காரர்கள் 'யமாட்டோ ஹோட்டல்' என்று கிண்டல் செய்தார்கள். எதிரிக் கப்பல்கள் மீது அதன் பெரிய பீரங்கிகள் சுட்டது ஒரே ஒரு போரில், 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸில் சமர் தீவுக்கு அருகே. அதற்கு முந்தின நாள்தான் அதன் இரட்டைக் கப்பலான முசாஷியை விமானங்கள் மூழ்கடித்திருந்தன.

முதல் மரணம்: 1945

1945 ஏப்ரல் 1-ல் அமெரிக்கர்கள் ஒகினாவாவில் இறங்கினார்கள். ஜப்பானிடம் எண்ணெய் இல்லை, விமானங்கள் இல்லை. யமாட்டோவுக்கு ஓர் உத்தரவு வந்தது. ஒகினாவாவுக்குப் போ, கரையில் ஏறி நில், அசையாத கோட்டை மாதிரி நின்று கடைசிக் குண்டு வரை சுடு. பாதுகாப்புக்கு ஒரு விமானம்கூடக் கிடையாது. திரும்பி வருவது திட்டத்திலேயே இல்லை.

கப்பல் தலைவர்கள் இதை எதிர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 'சாவதற்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள்' என்ற கதையை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். உண்மை அப்படி இல்லை. இது வீண் சாவு என்று அனுபவமுள்ள மாலுமிகளுக்குப் புரிந்தது. தளபதி இட்டோ செய்ச்சியைச் சம்மதிக்க வைக்க, கூட்டுக் கடற்படையின் தலைமை அதிகாரி குசாகாவே விமானம் ஏறி வர வேண்டியிருந்தது. கப்பலில் இருந்த 60-க்கும் மேற்பட்ட இளம் பயிற்சி அதிகாரிகளைப் புறப்படுவதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 6-ல் யமாட்டோ, யஹாகி என்ற ஒரு இலகு குரூசர், 8 நாசகாரிக் கப்பல்கள் ஆக 10 கப்பல்கள் புறப்பட்டன. மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்தன, ஏறத்தாழ 400. டார்பிடோக்களைப் பெரும்பாலும் கப்பலின் இடப்பக்கத்திலேயே அடித்தார்கள், ஒரு பக்கமாகத் தண்ணீர் ஏறிக் கவிழட்டும் என்று. அப்படியே நடந்தது. பிற்பகல் 2.23-க்கு யமாட்டோ கவிழ்ந்து, வெடிமருந்து அறை வெடித்து, மூழ்கியது.

கப்பலில் இருந்தவர்கள் 3,300-க்கும் மேல். பிழைத்தவர்கள் 300-க்கும் குறைவு. அமெரிக்கர்களுக்கு இழப்பு 10 விமானங்கள், 12 பேர். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கடைசி நிமிடங்களில் இட்டோ தாக்குதலை ரத்து செய்தார். மிச்சமிருந்த நாசகாரிகள் ஒகினாவாவுக்குப் போய்ச் சாக வேண்டாம், தண்ணீரில் தத்தளிப்பவர்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்று. பிறகு தன் அறைக்குப் போய்விட்டார், வெளியே வரவில்லை. அந்த உத்தரவால் 4 நாசகாரிகள் திரும்பின. அதில் ஒன்றின் பெயர் யுகிகாசே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

2199-ல் எழுந்த கப்பல்

1974 அக்டோபர் 6-ல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் புதுத் தொடர் ஒன்று ஆரம்பமானது. தயாரிப்பாளர் நிஷிசாகி யோஷினோபு, வடிவமைப்பிலும் இயக்கத்திலும் மட்சுமோட்டோ லெய்ஜி. மட்சுமோட்டோவின் தந்தை போர்க்காலத்தில் ராணுவ விமானி.

கதை இதுதான். ஆண்டு 2199. காமிலாஸ் என்ற கிரகத்துக்காரர்கள் கதிர்வீச்சுக் குண்டுகளைப் பூமி மீது பொழிகிறார்கள். கடல் வற்றிவிட்டது, மனிதர்கள் பாதாள நகரங்களில் ஒளிந்திருக்கிறார்கள், இன்னும் ஒரு வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்போது 1,48,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இஸ்கந்தார் கிரகத்திலிருந்து ராணி ஸ்டார்ஷா செய்தி அனுப்புகிறாள்: கதிர்வீச்சை நீக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வற்றிய கடலின் தரையில் துருப்பிடித்துக் கிடக்கும் யமாட்டோவுக்குள்ளேயே ரகசியமாக ஒரு விண்கலத்தைக் கட்டுகிறார்கள். தேர்ந்தெடுத்த 114 பேர் புறப்படுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் முடிவில் மனித குலம் அழிய இன்னும் எத்தனை நாள் என்று ஒரு எண்ணிக்கை வரும். குண்டு விழுந்த ஒரு நாட்டில், அதைப் பார்த்தவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிய கதை இது.

மேலோட்டமாகப் பார்த்தால், 'தோற்ற கப்பலை ஜெயிக்க வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள்' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் கதையின் முதல் காட்சியையே பாருங்கள். புளூட்டோ அருகே நடக்கும் போரில் பூமியின் படை தோற்கிறது. தளபதி ஒகிட்டா பின்வாங்க முடிவு செய்கிறார். கோடாய் மமோரு என்ற இளம் கேப்டன் மறுக்கிறான். செத்தவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நின்று சண்டையிட்டுத் தொலைகிறான். அவனுடைய கப்பலின் பெயர்? யுகிகாசே!

நிஜத்தில் திரும்பி வந்த கப்பலின் பெயரைத் திரும்பி வராத கப்பலுக்கு வைத்தார்கள். திரும்பி வராத யமாட்டோவின் பெயரை, போய் வந்தே ஆக வேண்டிய கப்பலுக்கு வைத்தார்கள். நாளைக்காக இன்றைய அவமானத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் ஒகிட்டாவைத்தான் அந்தக் கப்பலுக்குத் தலைவராக்கினார்கள். 1945-ன் உத்தரவுக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியுமா? அந்த யமாட்டோவுக்கு ஒருவழிப் பயணம். இந்த யமாட்டோ திரும்பி வராவிட்டால் போன பயணத்துக்கே அர்த்தம் இல்லை.

வெற்றியையும் கொண்டாடவில்லை. காமிலாஸ் கிரகத்தை அழித்த பிறகு, கதாநாயகன் கோடாய் சுசுமு இடிபாடுகளைப் பார்த்து உடைந்து போகிறான். நாம் சண்டை போட்டிருக்கக் கூடாது, நேசித்திருக்க வேண்டும் என்ற பொருளில் பேசுகிறான். குழந்தைகள் தொடரில் இதை வைக்கத் தைரியம் வேண்டும்.

ஆனால் அன்று தொடர் ஓடவில்லை. அதே நேரத்தில் வேறு சேனலில் 'ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது! நீளத்தைக் குறைத்து 26 பகுதிகளோடு முடித்தார்கள். மறு ஒளிபரப்பில்தான் ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1977-ல் அதைத் தொகுத்துத் திரைப்படமாக வெளியிட்டபோது இளைஞர்கள் இரவிலேயே வரிசையில் நின்றார்கள்.

இரண்டாவது, மூன்றாவது மரணம்

வெற்றி வந்ததும் விபரீதமும் வந்தது. 1978 கோடையில் 'விடைபெறும் யமாட்டோ' என்ற படம். கடைசியில் கோடாய், மிச்சமிருப்பவர்களை இறக்கிவிட்டு, இறந்துபோன காதலி யுகியின் உடலோடு, யமாட்டோவை நேராக எதிரியின் ராட்சதக் கப்பல் மீது செலுத்துகிறான். தற்கொலைத் தாக்குதல்! திரையரங்குகளில் அழுகை. வசூல் கொட்டியது. எந்தச் சாவுக்கு மறுப்பாக இந்தக் கதை பிறந்ததோ, அதே சாவை அழகாகக் காட்டிவிட்டார்களே என்ற விமர்சனமும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தொலைக்காட்சி வடிவத்தில் முடிவை மாற்றி, கோடாயையும் யுகியையும் கப்பலையும் பிழைக்க வைத்தார்கள். ஒரே கதைக்கு இரண்டு முடிவு.

1983-ல் 'இறுதி' என்று சொல்லியே ஒரு படம் வந்தது. பூமியை மூழ்கடிக்க வரும் தண்ணீரைத் தடுக்க யமாட்டோவை வெடிக்க வைக்க வேண்டும். இந்த முறை கப்பலில் இருப்பது கிழவர் ஒகிட்டா ஒருவர் மட்டும். இளைஞர்கள் எல்லோரையும் இறக்கிவிடுகிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1945-ல் 3,000-க்கும் மேல், பெரும்பாலும் இளைஞர்கள். 1978-ல் ஓர் இளைஞன். 1983-ல் ஒரு முதியவர். தியாகம் என்ற எண்ணத்தை ஜப்பானியர்களால் முழுதாக விட முடியவில்லை. ஆனால் யார் சாக வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதில் கதை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் அது வந்து நின்ற இடம், இட்டோ ரத்து உத்தரவு போட்டுவிட்டு அறைக்குள் போன அந்த இடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிஜ யமாட்டோவை 1985-ல் நீர்மூழ்கிக் கலம் அனுப்பி உறுதி செய்தார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்தில், இரண்டாக உடைந்து கிடக்கிறது. முன்பகுதி நிமிர்ந்தும் பின்பகுதி கவிழ்ந்தும். எந்த இயந்திரம் பொருத்தினாலும் இனி எழாது. குரே நகரில் 2005-ல் திறந்த அருங்காட்சியகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில், 26.3 மீட்டர் நீளத்துக்கு அதன் மாதிரியை வைத்திருக்கிறார்கள்.

நிஷிசாகி 2010 நவம்பரில் ஒகசவாரா தீவுகளில் ஒரு படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். படகின் பெயர் யமாட்டோ. மட்சுமோட்டோ 2023-ல் காலமானார். 2012-ல் தொடங்கிய மறு ஆக்கத்தில் ஒரு புது நிபந்தனையைச் சேர்த்தார்கள். பூமியைக் காப்பாற்றும் கருவி வேண்டுமென்றால் கப்பலின் மகா ஆயுதத்துக்கு முத்திரை வைக்க வேண்டும் என்கிறது இஸ்கந்தார். உலகத்தின் மிகப் பெரிய பீரங்கிக்காகவே பிறந்த கப்பல், கடைசியில் தன் பீரங்கியின் வாயை மூடிக்கொண்டுதான் வீடு திரும்ப முடிகிறது.

தொடரைப் பார்க்காத நண்பர்கள் முதல் மூன்று பகுதிகளையாவது பாருங்கள். பார்க்கும்போது, அந்தத் துருப்பிடித்த கப்பலுக்குள் உண்மையில் 3,000 பேர் இருந்தார்கள் என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.