பேதியில் போனவர்களும் அமீபாவும்

'பேதீல போவான்' என்று திட்டாத ஆச்சி நாஞ்சில் நாட்டில் உண்டா? கொள்ளைநோயின் வரலாறு ஆவணக் காப்பகத்தைவிட இந்த வசவில் பத்திரமாக இருக்கிறது. 1860-61 பஞ்சத்தை ஒட்டித் தென் திருவிதாங்கூரில் காலரா பரவியபோது ஊர் அதை அம்மனின் கோபம் என்றது. காலனியப் பிரதிகளோ சுத்தமற்ற உடம்பு, கோயில் யாத்திரை என்றன. ரெண்டு கதையாடலிலும் செத்தவன்தான் குற்றவாளி.

1884இல் ராபர்ட் காக், கல்கத்தாவில் சனங்கள் குடித்த ஒரு குளத்து நீரில் காற்புள்ளி வடிவக் கிருமியைக் கண்டார். அதன்பின் கிருமி வேட்டை என்ற போர்ச் சொல்லாடல் வளர்ந்தது. குளம் பின்னுக்குப் போனது. இரண்டு கொள்ளைநோய்களுக்கு நடுவில் அந்தக் கிருமி எங்கே குடியிருக்கிறது? மனிதக் குடலை மட்டும் நோண்டிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

வழி வேறு ஒரு நோயிலிருந்து வந்தது. 1976இல் பிலடெல்பியாவில் மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர்களைக் கொன்ற லெஜியோனெல்லா, தண்ணீரிலும் மண்ணிலும் தனித்து வாழும் அகாந்தமீபாவுக்குள் பெருகுவதை 1980இல் ரோபாதம் காட்டினார். அமீபா பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. தின்னப்பட்டதோ செரிக்காமல் உள்ளேயே குடும்பம் நடத்துகிறது! நம் ரத்தத்து வெள்ளணுவும் இப்படித்தான் விழுங்கும். அமீபாவிடம் தப்பப் பழகியது இங்கேயும் தப்புகிறது என்று பலர் வாதிடுகிறார்கள். நிலைமை மோசமானால் அமீபா தடித்த ஓடு போர்த்தி முடங்கும். அந்த ஓட்டுக்குள் லெஜியோனெல்லா லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினிலும் பிழைத்ததை 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. நம் குழாய்த் தண்ணீரில் மிஞ்சவேண்டிய அளவு 0.2.

காலராவுக்கு வருவோம். 1992 அக்டோபரில் சென்னையில் ஓ139 என்ற புதுவகை தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 வகை மட்டுமே. (சென்னையில் முதலில் கண்டதற்கு 'வங்காளம்' என்று பெயர் வைத்தார்கள். பெயரிடும் அரசியல் தனிக்கதை.) இந்த ஓ139 அகாந்தமீபாவுக்குள் பெருகுவதையும் ஓட்டுக்குள் தங்குவதையும் 2005இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டது அது. 1860இல் நம் குளத்துச் சேற்றிலும் இதுவே நடந்தது என்று சாதிக்க முடியாது. ஆனால் அந்தக் கிருமி உயிர்வாழ மனிதன் கட்டாயமில்லை என்பது தெளிவாகிறது.

உடனே 'எல்லாம் இயற்கை, யாரைக் குறைசொல்ல?' என்று கைகழுவ ஆள் வரும். விடக்கூடாது. சேற்றிலிருந்து கிருமி யார் வாய்க்குப் போனது என்பதை அமீபா தீர்மானிக்கவில்லை. திருவிதாங்கூரில் பொதுக்கிணற்றில் வாளி இறக்க உரிமையில்லாத சாதிகள் இருந்தன. அவர்களுக்கு மிஞ்சியது மாடு இறங்கிய குட்டையும் வயல் வாய்க்காலும்தான்.